பள்ளிக்கூடத்துக் கமரா

(யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



குறும்படப் போட்டிகளுக்கு நடுவராக வரச் சொல்லி இப்போது அடிக்கடி கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிரிவில் வருகிற படங்களைப் பார்க்க உட்கார்ந்தால், ஒரே படத்தைப் பெயர் மாற்றிப் போடுகிறார்களோ என்று சந்தேகம் வரும். கதையை நானே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படிக்கிற பெடியன் ஒருவன். அவனுக்குக் கூடாத கூட்டாளி ஒருவன். சந்தியில் ஒரு சின்னப் பொட்டலம் கைமாறும். அடுத்த காட்சியில் பெடியனுடைய கண்ணுக்குக் கீழே கண்மையால் பூசிய கறுப்பு. வாசலில் தாய் இருந்து அழுவார். அந்தத் தாய் சேலை கட்டிய வகுப்புத் தோழி. மெதுவான அசைவில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும். சென்னைப் படம் ஒன்றிலிருந்து உருவிய சோக வயலின் பின்னால் இழுக்கும். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: போதையை ஒழிப்போம். போதை இல்லாவிட்டால் டெங்கு. டெங்கு இல்லாவிட்டால் பிளாஸ்ரிக். நுளம்புக்கும் அதே வயலின்தான்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தலைப்புக் கொடுப்பது நாங்கள். காசு கொடுக்கிற நிறுவனத்துக்கு அறிக்கையில் எழுத 'விழிப்புணர்வு' வேண்டும். கல்விப் பணிமனைக்குக் கருப்பொருள் வேண்டும். நடுவருக்குப் 'படிப்பினை' வேண்டும். பிள்ளைக்குப் பரிசு வேண்டும். ஆகவே எல்லோருமாகச் சேர்ந்து பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்து ஐம்பது வயதுக்காரரின் படத்தை எடுத்துவிடுகிறோம். கமரா பிள்ளையின் கையில் இருக்கிறது, கண் எங்களுடையது.

பள்ளிக்கூடத்தில் சினிமா கற்பிப்பதென்றால் முதல் வேலை இந்த விழிப்புணர்வுக் குறும்படத்தை நிறுத்துவது. பிள்ளை கண்டதை, கேட்டதை எடுக்க விடவேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதை எப்படிச் செய்யலாம் என்பதை மிச்ச நேரத்தில் பார்ப்போம்.

அதற்கு முன், ஒரு பிள்ளையைச் சினிமாவில் எது பிடிக்கிறது என்று பார்ப்போம். இயக்குநர் பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கூடக் காலத்தில் சுற்றுலா போன இடத்தில், கித்துல்கலையில், டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இயக்குநர் 'மழை' என்று குரல் கொடுத்தாராம், மழை கொட்டியதாம். அந்தக் கணத்தில் தானும் படமெடுக்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டது. அந்தப் படம் 1957இல் வெளிவந்தது. அந்தப் பெடியன் பின்னர் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய், ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அந்தப் பிள்ளையைப் பிடித்தது எது என்று பாருங்கள். போர்க்கைதிகளின் துயரக் கதையோ அதன் கருத்தோ அன்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குழாயில் இருந்து மழை வரவழைக்கலாம் என்ற வேலைநுட்பம்தான் பிடித்தது. கடைசிக் காலத்தில் சென்னையில் 'சினிமா பட்டறை' நடத்தியபோதும், சினிமா ரசனையைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2014இல் இறக்கும்வரை அது நடக்கவில்லை. 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் போட்டுக் காட்டிப் பிள்ளைகளைக் கதைக்க விடுகிறார்கள். கேரளத்தில் 2018இலிருந்து 'லிட்டில் கைட்ஸ்' என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளிகளில் கழகங்கள் இருக்கின்றன. கணினியோடு கமராவும் அசைவூட்டமும் பழக்குகிறார்கள். நாங்கள் இன்னும் 'பிள்ளையள் போன் கொண்டு வரலாமா' என்ற கேள்வியில் நிற்கிறோம்.

'எங்களுக்கும் சினிமாவுக்கும் வெகுதூரம்' என்று மட்டும் இங்கே ஒருவரும் சொல்லக்கூடாது. இந்த அவையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நீங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டுக் கண் சிவக்கப் பள்ளிக்கூடம் போனவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு முந்தின தலைமுறை வின்சர், றீகல், வெலிங்டன், ராஜா, ராணி, மனோகரா என்று தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கியது. பார்ப்பதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

எடுப்பதில்தான் தகராறு. இலங்கையின் ஆரம்பத் தமிழ்ப் படங்களில் பலவும் தென்னிந்தியப் படம்போல இருக்கவேண்டும் என்று முயன்றவை. எங்கள் பேச்சும் எங்கள் வளவும் வேலியும் திரைக்கு வந்த படங்கள் சொற்பம். 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' ஒன்று. செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 1978இல் வந்த 'வாடைக்காற்று' இன்னொன்று. இவற்றுக்கு நடுவில் 1977இல் வந்த 'பொன்மணி'யை நான் தனியாக வைத்துப் பார்ப்பேன். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்குள் என்ன செய்கின்றன என்பதைச் சத்தம் போடாமல் சொன்ன படம். எழுதியவர் காவலூர் இராசதுரை. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அசோக ஹந்தகம வந்து 'இனி அவன்' எடுத்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர். எங்கள் ஊரைக் கண்கொண்டு பார்க்க இரண்டு தடவையும் தெற்கிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, நன்றிதான். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு ஏன் தெரியவில்லை என்று ஒரு வாத்தியார் யோசிக்கத்தானே வேண்டும்?

தன் வீட்டைப் பார்க்கப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பயிற்சி பிரான்சிலிருந்து வந்தது. அங்கே 1995இல், சினிமா பிறந்து நூறு ஆண்டான கையோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாரிஸில் உள்ள சினிமாத்தெக் என்ற திரைப்படக் காப்பகம் அதை நடத்துகிறது. அலன் பெர்காலா என்ற திறனாய்வாளர் அதன் மூளை. லூமியர் சகோதரர்களின் முதற் படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது விநாடி. கமராவில் அவ்வளவு நீளப் பிலிம்தான் கொள்ளும். கமரா அசையாது, வெட்டு இல்லை. அதையே பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். ஒரு நிமிடம். முக்காலியில் கமரா. கிட்டப் போவது, தூரப் போவது, திருப்புவது ஒன்றும் கிடையாது. இசை கிடையாது. அழுத்தினால் ஒரு நிமிடம் போகும்வரை தொடக்கூடாது.

நான் நடத்தும் பயிற்சிகளில் இதை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னவுடன் முகம் சுருங்கும். 'சேர், ஒண்டும் நடக்காதே!' முக்காலி இல்லாவிட்டால் கல்லை அடுக்கி அதில் போனை வைக்கச் சொல்வேன். ஒரு நிமிடம் என்பது ரிக்ரொக் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்று நீங்கள் அதை எடுக்க நிற்கும்போதுதான் விளங்கும்.

ஒரு பெடியன் தான் போகும் ரியூசனுக்கு முன்னால், மதிலோரம் போனை வைத்தான். நிரையாகச் சைக்கிள்கள். உள்ளேயிருந்து இரசாயனம் படிப்பிக்கிற குரல், ஒலிபெருக்கியில். முதல் நாற்பது விநாடி சைக்கிள்களைத் தவிர ஒன்றும் இல்லை. இடையில் ஒரு நாய் மட்டும் வந்து சில்லுகளை மணந்து பார்த்துவிட்டுப் போகிறது. பிறகு மணி அடிக்கிறது. பிள்ளைகள் வெள்ளமாக வருகிறார்கள். ஸ்ராண்ட் தட்டுகிற சத்தம், ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தம். நிமிடம் முடிகிறபோது பாதிச் சைக்கிள்கள் போய்விட்டன. இவ்வளவுதான் படம். போட்டுக் காட்டியபோது வகுப்பு வாய் திறக்கவில்லை. 'நாய் வரும் எண்டு தெரியுமா?' என்று ஒருத்தி கேட்டாள். 'இல்லை' என்றான். 'மணி எத்தினை மணிக்கு அடிக்கும் எண்டு தெரியும். அதுக்கு நாப்பது செக்கன் முன்னம் அழுத்தினேன்.' எதற்காகக் காத்திருப்பது, எங்கே நின்று காத்திருப்பது, எதைத் தற்செயலுக்கு விடுவது என்ற மூன்றையும் அவன் ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுத்துவிட்டான். நான் ஒரு தவணை நின்று கத்தினாலும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இங்கே வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்களுடையது தட்டையான நிலம். மலை மறைப்பு இல்லை. காலை பத்தரைக்குப் பிறகு வெயில் உச்சந் தலைக்கு வந்துவிடும். கண்குழி கறுக்கும், முற்றத்து மணல் வெள்ளையாக எரியும். போன் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் உள்ளது. பனைநிழலில் ஆள் நடந்தால் படம் விட்டுவிட்டு மின்னும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைக் காட்டிக் கொடுங்கள். காலை ஆறரைக்கும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே எடுத்தால் ஆளை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்தச் சொல்லுங்கள். இதற்குமேல் விளக்கு ஒன்றும் வேண்டாம்.

அடுத்தது ஒலி. எங்கள் படங்களின் தரித்திரமே அதுதான். படம் ஐந்து ரூபாய் என்றால் ஒலி ஐந்து சதம். கமரா நிற்கும் இடத்திலிருந்து போன் ஒலியைப் பதிந்தால், சோளகக் காற்று மைக்கில் அடித்து ஒரு சொல்லும் கேட்காது. உடனே பிள்ளை பாட்டைப் போட்டு மூடிவிடும். இதற்கு இன்னொரு போன் போதும். அதை நடிக்கிறவரின் சட்டைப் பொக்கற்றுக்குள் தலைகீழாக வைத்துப் பதிந்துவிட்டு, தொகுக்கும்போது பொருத்திக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒருக்கால் கைதட்டினால் பொருத்துவது சுலபம்; திரைப்படக்காரர் கிளாப் பலகை அடிப்பதும் இதற்குத்தான்.

ஆனால் அதற்கும் முதல் காதைத் திறக்கவேண்டும். களப்பயிற்சி ஒவ்வொன்றிலும் பிள்ளைகளை ஒழுங்கையில் கண்ணை மூடி நிற்க வைப்பேன். கேட்டதை எழுதச் சொன்னால் முதலில் 'ஒரு சத்தமும் இல்லை' என்பார்கள். மறுபடி நில்லுங்கள் என்பேன். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின். காய்ந்த பனையோலை. தூரத்தில் கோயில் மணி. பாண் விற்கிற ஓட்டோவில் பீத்தோவன். அதைப் பீத்தோவன் என்று சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள். தை மாதத்தில் வடமராட்சிப் பக்கம் என்றால் பட்டத்தின் விண் கூவும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள், ட்ரோனும் விடுகிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பட்டத்தைத் தொடவே இல்லை. இரவில் யன்னலில் போனை வைத்து விண்ணின் கூவலை மட்டும் பதிந்தாள். படத்தில் தெரிவது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன்; மேசை, விளக்கு, பழைய வினாத்தாள் கட்டு. மேலே எங்கேயோ கூவல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அண்ணன் ஒருக்கால் முகட்டைப் பார்த்துவிட்டு மறுபடி குனிகிறான். பட்டத்தைக் காட்டியிருந்தால் அந்தப் படம் கெட்டுப்போயிருக்கும். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒலி என்று வரும்போது பேச்சையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் 'அம்மா என்ன செய்யிறியள்' என்று கேட்கிற பிள்ளை, கமராவைக் கண்டவுடன் 'அம்மா என்ன பண்றீங்க' என்கிறது. அது போலி செய்ய நினைப்பதில்லை. சினிமாவில் ஆட்கள் அப்படித்தான் கதைப்பார்கள் என்று நம்புகிறது. திட்டித் திருத்த முடியாது. நான் வசனம் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். 'உன்ரை அப்பம்மா கறிக்கு உப்புக் கூடினால் என்ன சொல்லுவா?' என்று கேட்டு, அதைச் சொல்லச் சொல்வேன். வந்துவிடும்.

இனி வெட்டுகிற வேலை. முன்பு இதற்குக் கொழும்புக்கு ஓடவேண்டும். இப்போது கைன்மாஸ்ரரும் கப்கட்டும் போனிலேயே இருக்கின்றன; கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வ் இலவசமாகக் கிடைக்கிறது. கருவி இருப்பதால் வேலை தெரிந்துவிடாது. நூறாண்டுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலேஷோவ் ஒரே நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒரு கோப்பைச் சூப்புக்கும், ஒரு சவப்பெட்டிக்கும், ஒரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி என்றார்கள், துக்கம் என்றார்கள், காதல் என்றார்கள். வகுப்பில் இதைச் செய்ய அரை மணி போதும். ஒன்றுமே நடிக்காமல் இருக்கச் சொல்லி ஒரு பிள்ளையின் முகத்தை எடுங்கள். பிறகு பெறுபேற்றுப் பலகை, சோற்றுக் கோப்பை, மழைக்குப் பிந்திய விளையாட்டு மைதானம். ஒட்டிப் போட்டுக் காட்டுங்கள். அந்த அரை மணிக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ரிவி செய்தியைப் பழையபடி பார்க்க மாட்டார்கள்.

கஷ்டம் எங்கே வரும் என்றால் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு வந்து மூன்று நிமிடம் ஆக்கும்போது. கூட்டாளி மரத்தில் ஏறி எடுத்த காட்சி, மிக வடிவான காட்சி, கதைக்கு வேண்டாம். எறிந்தால் அவன் கோபிப்பான். எறியாவிட்டால் படம் கெடும். இந்தச் சண்டை நடக்கும்போது ஆசிரியர் குறுக்கே போகக்கூடாது. கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கப் போய்விடவேண்டும். நான் அப்படித்தான் போவேன்.

யுத்தம் பற்றிய படங்களைக் குறித்தும் பேசாமல் விட முடியாது. இன்று தரம் 10இல் இருக்கிற பிள்ளைகள் 2009க்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் 'உங்கள் விருப்பப்படி எழுதுங்கள்' என்றால் பாதிக் கதைகள் செல் விழுவதோடு தொடங்கும். செல் சத்தம் யூரியூப்பில் இருந்து வரும். இரத்தம் குங்குமத்தில் இருந்து வரும். அதற்குத்தான் பரிசு விழும் என்று பிள்ளைக்குத் தெரியும். நான் அதைத் தடுப்பதில்லை. ஒன்று மட்டும் கேட்பேன்: அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? ஒரு பெடியன் யோசித்துவிட்டு, 'அம்மம்மான்ரை பாக் கதவுக்குப் பின்னால தொங்குது' என்றான். காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதி, ஒரு போத்தல் சித்தாலேப, எல்லாம் போட்ட ஒரு றெக்சின் பை. எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக வைத்தது, இன்றைக்கும் கழற்றவில்லை. அதைப் படமெடுத்தான். பையைத் தொட்டதற்கு அம்மம்மா அவனைப் பேசுகிற பேச்சும் படத்தில் இருக்கிறது. செல் இல்லை, இரத்தம் இல்லை. வயலினும் இல்லை.

'இதெல்லாம் எங்களுக்குப் புதிது' என்று ஆசிரியர்கள் சொல்கிறீர்கள். புதிதில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, அரங்க விளையாட்டுகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்த ஊர் இது. பிள்ளைகளின் படிப்புச் சுமையை அந்தப் பிள்ளைகளைக் கொண்டே மேடையேற்றினார். அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊர் ஊராகப் போனது. வட்டமாக நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோலச் செய்து பழகிய பிள்ளைக்கு, கமராவுக்கு முன் வெட்கம் போக்கத் தனியாகப் பாடம் வேண்டாம். உங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? அவர்தான் சினிமாவுக்கும் முதல் ஆசிரியர்.

ஆனால் அதே நாடகத்திடம் இருந்து ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமானது. நல்லதுதான், நேர அட்டவணையில் இடம் கிடைத்தது, ஆசிரியர் நியமனம் கிடைத்தது. கூடவே நோட்ஸ் வந்தது. இன்று மேடையில் ஒருக்காலும் ஏறாமல் பிரெக்டைப் பற்றிப் பத்துப் புள்ளிக்கு எழுதக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஏற்கெனவே சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருக்கிறது; அந்தப் பாட வேளைகளைச் செய்முறைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். படமெடுப்பதையே தனிப் பரீட்சைப் பாடமாக்கச் சொல்லி மட்டும் மகஜர் கொடுக்காதீர்கள். கழகமாக இருக்கட்டும். புள்ளி போடாமல் பார்க்கட்டும்.

பெற்றோருக்குச் சொல்லவேண்டியது வேறு. பெம்பிளைப் பிள்ளையின் படம் யார் யாருடைய போனில் போகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதை 'பழைய ஆக்கள்' என்று சிரித்துத் தள்ளுகிற பயிற்றுநரிடம் பிள்ளையை விடவேண்டாம். நான் வைத்திருக்கிற ஒழுங்கு இது: எடுத்தது எல்லாம் பயிற்சிக்கென்று வைத்த மெமரி கார்ட்டில் இருக்கும், தனிப்பட்ட போனில் மிஞ்சாது. படத்தில் இருப்பவருக்கே முதலில் போட்டுக் காட்டவேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்சி இல்லை. சந்தைக்காரரை எடுத்தாலும் அவருக்கும் இதே ஒழுங்கு. முகநூலில் போடுவது பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. இதோடு இன்னொன்று. கலவன் பாடசாலைகளில் பார்க்கிறேன், கமரா எப்போதும் பெடியளின் கையில், பெட்டைகள் நடிக்கவும் மேக்கப் போடவும். மூன்று நாளைக்கு ஒருமுறை வேலையை மாற்றிவிடுவேன். எதிர்ப்பு வரும், பெரும்பாலும் கமராவைக் கொடுக்க மனமில்லாத பெடியளிடமிருந்து.

'இதால என்ன வேலை கிடைக்கும்?' என்று போன கூட்டத்திலும் ஒரு தகப்பன் கேட்டார். பெரும்பாலும் கிடைக்காது. வேலை கிடைக்கும் என்று சொல்லிப் பிள்ளை சேர்ப்பது பொய். எங்கள் ஊரில் கமராவால் அடுப்பு எரிகிறவர்கள் கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுக்கிறவர்கள்தான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தத்துக்காக ட்ரோன் விட்டு, மூன்று கமரா வைத்து எடுக்கிறார்கள். கலைஞர்கள் அவர்களைக் கிண்டல் செய்வதுண்டு. நான் அவர்களை வகுப்புக்குக் கூப்பிடுவேன். ஐயர் எப்போது தாலியை எடுத்துக் கொடுப்பார் என்று கணக்குப் பார்த்து, சனத்துக்கு மேலால் கமராவை நீட்டி, இரண்டாம் தரம் எடுக்க முடியாத ஒரு கணத்தைத் தவறவிடாமல் பிடிக்கிற திறமை திரைப்படக் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் இல்லை. பற்றரி எத்தனை கொண்டுபோகவேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

என்ன படம் காட்டுவது என்று கேட்பீர்கள். 2015 முதல் அனோமா ராஜகருணா முன்னின்று நடத்திவருகிற யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு நான் முதலில் எடுப்பது அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதற் படம், 'ரொட்டியும் ஒழுங்கையும்' என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். 1970இல் ஈரானில் பிள்ளைகளுக்கான ஓர் அரச நிறுவனத்துக்காக எடுத்தார். ஏறத்தாழப் பத்து நிமிடப் படம். சிறுவன் ஒருவன் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறான். ஒழுங்கையில் ஒரு நாய் குரைக்கிறது. தாண்டிப் போகப் பயம். இவ்வளவுதான் கதை. நாய்க்குப் பயந்து ஒழுங்கை முனையில் நிற்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா? அவருடைய 'வீட்டுப்பாடம்' 1989இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் கமராவுக்கு முன் இருத்தி வீட்டுப்பாடம் பற்றிக் கேட்கிறார், அவ்வளவே. அதை இங்கே பிள்ளைகளுக்குக் காட்டுவதைவிட ரியூசன் உரிமையாளர்களுக்குக் காட்டலாம்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கிற அதிபர் ஒருவர் வரும்போதே என்னிடம் கேட்டுவிட்டார்: 'எல்லாம் சரி, பரிசளிப்பு விழாவுக்கு ஒரு நல்ல கருத்துள்ள படம் செய்து தருவியளா?' ஐயா, உங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது ஒரு நிமிடப் படங்கள். கருத்தை எல்லாம் விட்டுவிட்டு அந்த முப்பதையும் வரிசையாகப் போடுங்கள். அரை மணித்தியாலம் போகும். பிரதம விருந்தினரின் உரையைவிடக் குறைவு. நான் இப்போது பேசியதைவிடவும் குறைவு. நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் தாளில் எழுதி நீட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.